ஐந்தாவது வள்ளத்தின் சிவப்பு

அத்தியாயம் 4

கனகலட்சுமி அக்காவுக்கு உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் தபால்காரியாகத் தெருத்தெருவாக நடந்தவர். விருப்ப ஓய்வு வாங்கித் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். இன்றுவரை அதில் உட்கார்ந்திருப்பது உதவியாளனான நான்தான். ராமநாதபுரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபிலும் அன்று காலை அதே கதை. மின்விசிறிக்குக் கீழே நாலு நாற்காலி சும்மா கிடக்க, அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் பரமக்குடி போய்ச் சேர்ந்திருக்கலாம்க்கா," என்றேன்.

"மணி என்ன சுஐபு?"

"பத்தே முக்கால்."

"அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்."

அந்த அஞ்சு மணி நேரம்தான் எங்களிடம் இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் பனையடிப்பட்டினத்து வள்ளக்காரர் சங்கம் கூடும். கூடி, ஸுஹைர் என்ற வள்ளக்காரரை ஒரு வருஷம் கடலில் இறங்கக் கூடாது என்று தள்ளி வைக்கும். ஒரு வருஷம் கரையில் நிற்கும் வள்ளத்தை அப்புறம் விறகுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் மனைவி சுலைகா முந்தின நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, "என் வீட்டுக்காரரு திருடலம்மா" என்ற ஒரே வாக்கியத்தை ஏழு தடவை சொன்னார். கூடவே வந்த அவர் தம்பி பாக்கர், "மச்சானுக்காக நான் எழுதியே தாரேன்" என்றான்.

திருட்டு என்றால் நகை நட்டு இல்லை. அந்தக் கரையில் ஒவ்வொரு வள்ளக்காரருக்கும் கடலுக்கடியில் சொந்தமாக ஒரு பார் உண்டு. மீன் வந்து அண்டும் பாறைத் திட்டு. அது எங்கே இருக்கிறது என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். மூன்று மாதமாக யாரோ ஒவ்வொரு பாராகக் கண்டுபிடித்து வழித்துக்கொண்டு போகிறார்கள். நாலு வள்ளங்களின் பார் போய்விட்டது, இப்போது அவை ஊருக்கே தெரிந்த இடம். அந்த நாலிலும், ஸுஹைரின் வள்ளத்திலும், ஆக ஐந்து வள்ளங்களில்தான் கல்லூரி ஆராய்ச்சி மாணவி ஜஸீலா ஒரு பெட்டியை வைத்திருந்தாள். நாலு பேர் பறிகொடுத்தார்கள், ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் ஐந்தாவது ஆள்தான் திருடன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"பெட்டி என்ன செய்யுதுன்னு மறுபடி சொல்லு புள்ள," என்றார் அக்கா. "சுஐபுக்கும் புரியுற மாதிரி."

ஜஸீலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பெட்டிக்குள்ள கடலோட ஆழம் பூரா ஒரு அட்டவணையா இருக்கு மேடம். அறை அறையா. வள்ளம் போகப் போக அந்தந்த இடத்து அறையையும் சுத்தி இருக்குற அறைகளையும் திறந்து படிக்கும். முன்னாடி மேடு இருந்தா சத்தம் குடுக்கும். இப்ப விலை அதிகம். குறைக்கணும்னா உள்ள இருக்குற மெமரியைச் சின்னதாக்கணும். எந்த அறையை எத்தனை தடவை தொடுதுன்னு தெரிஞ்சாத்தான் அது முடியும். அதனால தொட்ட அறையோட எண்ணைப் பெட்டியே வரிசையா எழுதிக்கிட்டு வரும். அதுக்குப் பேருதான் ட்ரேஸ். அதை இங்க சிமுலேட்டர்ல ஓட்டி, எதைக் கைக்கிட்ட வச்சுக்கலாம், எதைத் தூரத்துல போடலாம்னு பார்ப்பேன்."

"டீக்கடைக்காரர் ஓடுற கிளாஸை மேசையில வச்சுக்கிட்டு, ஓடாததை அலமாரியில வைக்குற மாதிரி," என்றேன்.

"அதேதான் சார்."

சவுதியில், தம்மாமில் பதினோரு வருஷம் ஜெராக்ஸ் கடையில் நின்றிருக்கிறேன், ஒருவரும் என்னை சார் என்றதில்லை. அந்தப் பெண் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்று உடனே வேண்டிக்கொண்டேன்.

"அறைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எழுதாதா?" என்றார் அக்கா.

"எழுதாது. வெறும் எண். இடத்தைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு அஞ்சு பேரும் ஒரே பிடியா நின்னாங்க. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் பெட்டியையே வச்சேன்."

அக்கா நடையை நிறுத்தித் திரைக்கு முன்னால் குனிந்தார். எண்கள் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தன. 81412. 81413. 81414. அப்புறம் 81926. 82438. 82950.

"ஒண்ணு ஒண்ணா கூடிக்கிட்டு வந்துச்சு. இங்கன வந்ததும் ஒரேயடியா தாவுது. எவ்வளவு தாவுது?"

"ஐநூத்திப் பன்னெண்டு மேடம். அட்டவணையில ஒரு வரிசைக்கு ஐநூத்திப் பன்னெண்டு அறை. அடுத்த வரிசைக்கு இறங்குனா அவ்வளவு கூடும்."

"அப்ப வள்ளம் கெழக்க போனா ஒண்ணு கூடும். தெக்க, கடலுக்குள்ள போனா ஐநூத்திப் பன்னெண்டு கூடும். திரும்பிக் கரைக்கு வந்தா குறையும். ஒரே எண்ணைச் சுத்திச் சுத்தி வந்தா, வள்ளத்தை நிப்பாட்டி மீன் பிடிக்கிறாங்க. சரியா?"

ஜஸீலாவின் கை மௌஸ் மேலேயே நின்றுவிட்டது.

"தபால்காரி கவரைப் பிரிச்சுப் படிக்கிறதில்ல புள்ள," என்றார் அக்கா. "மேல இருக்குற விலாசத்தை மட்டுந்தான் பார்ப்பா. ஆனா எந்த வீட்டுல கல்யாணம் வருது, எந்த வீட்டுல கோர்ட்டு கேசு நடக்குதுன்னு தெருவுல அவளுக்குத்தான் முதல்ல தெரியும்."

"மூணு வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள் ஜஸீலா. "எனக்கு இது அறை எண்ணாத்தான் தெரிஞ்சுது. கடலா தெரியல."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"இந்த எண்களை வேற யாரு பார்த்தா?"

"என் கைடுக்கு மட்டும் அனுப்புவேன். அவர் நாலு மாசமா ஒரு ஃபைலைக்கூடத் திறக்கல. மெயில்ல தெரியும். என் வருத்தமே அதான்."

"வேற யாருக்கும் எதுவும் குடுக்கலையா? நல்லா யோசி."

"எண்களைக் குடுக்கல. சங்கத்துக்கு நன்றியா ஒரு படம் குடுத்தேன். அஞ்சு வள்ளத்துக்கும் அஞ்சு கட்டம். அதிகமா தொட்ட அறை சிவப்பு, கம்மியா தொட்டது மஞ்சள், தொடாதது வெள்ளை. சட்டம் போட்டு…"

அவள் முடிப்பதற்குள் அக்கா படியிறங்கிவிட்டார்.

மண்டபம் சாலையில் அக்கா ஸ்கூட்டி ஓட்டினால் பின்னால் இருப்பவன் கலிமா சொல்லிக்கொண்டே வர வேண்டும். உச்சிப்புளி தாண்டுவதற்குள் மூன்று தடவை மணி கேட்டார். நாலாவது தடவை நானாகவே சொன்னேன்.

சங்கக் கட்டடம் கடலை ஒட்டிய ஒரு நீளக் கொட்டகை. அதைக் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுத்து, சாவி வைத்துக்கொண்டிருப்பவன் சுலைகாவின் தம்பி பாக்கர்தான். எங்களைப் பார்த்ததும் பாய் விரித்து, நன்னாரி சர்பத் கலக்க ஓடினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்றான், பொய்யாகத் தெரியவில்லை.

ஜஸீலாவின் படம் கடல் பக்கத்துச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கியது. தலைகீழாகத் தொங்கியது. தலைப்பும் வள்ளங்களின் பெயரும் தலை கீழே, கால் மேலே என்று கிடந்தன. ஜெராக்ஸ் தொழிலில் எதிரே நிற்கிறவன் வைத்த தாளைத் தலைகீழாகப் படித்துப் பழகியவன் நான். ஐந்து பெயரையும் படித்துவிட்டேன்.

"படத்துக்கு மயக்கமா தம்பி?" என்றேன்.

"காத்துல விழுந்துச்சு. யாரோ எடுத்து மாட்டியிருக்காக," என்றான் பாக்கர்.

"எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு மூணு மாசம் இருக்கும்மா."

"நாப்பது பேரு வந்து போற இடம். எழுத்து தலைகீழா இருக்குன்னு ஒருத்தருக்கும் உறுத்தலையா?"

"மீனு வெல எழுதியிருந்தா உறுத்தியிருக்கும்மா. இதை ஆரு படிக்கிறா?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "நல்ல கலரு," என்று சொல்லி சர்பத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

மணலில் தண்ணீர் ஓரம் வரை போய்த்தான் வாயைத் திறந்தார்.

"கடலைப் பார்த்து நில்லுலே. இடது கைப்பக்கம் என்ன?"

"முயல் தீவு. அதுக்கு அங்கிட்டு பாம்பன்."

"வலது பக்கம்?"

"கீழக்கரை."

"படத்துல ஒவ்வொரு கட்டத்துலயும் இடது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்துச்சே, பார்த்தியா? வள்ளம் நுழைய முடியாத எடம். அதான் தீவு. ஜஸீலா படிச்ச புள்ள, பள்ளிக்கூடத்து மேப்பு மாதிரி வடக்கை மேல வச்சுட்டா. அப்ப கரை மேல, கடல் கீழ. அப்படியொரு கடலை இந்த ஊருல எவனும் பார்த்ததில்ல. இங்கன நிக்குறவனுக்குக் கரை காலடியில, கடல் எதுக்க. படத்தைத் தலைகீழாக்குனா, நீ இப்ப பார்க்குற கடல்தான் அது. செவப்பெல்லாம் பாரு."

கம்ப்யூட்டர் தெரிந்தவனைத் தேடிக்கொண்டிருந்தோம். கடல் மட்டும் தெரிந்தவனுக்கே போதுமாக இருந்திருக்கிறது.

"அப்ப நாப்பது பேருல எவன் வேணும்னாலும் இருக்கலாம். நாப்பது பேரையும் விசாரிக்கணும்னா அடுத்த நோன்பு வந்துரும்க்கா."

"நாப்பது பேரு வேண்டாம். ஒரு கேள்வி போதும். அஞ்சு கட்டம் கண்ணு முன்னாடி இருக்கு. ஸுஹைர் கட்டத்தை மட்டும் ஏன் தொடல?"

"பழியை அவர் மேல போடத்தான்."

"அப்படித்தான் நானும் நெனைச்சு, நேத்து பூரா அவருக்கு எதிரியைத் தேடினேன். ஒருத்தனுமில்ல. தேடுனதே தப்பு."

அதற்கு மேல் சொல்லவில்லை. போனை எடுத்து ஜஸீலாவைக் கூப்பிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி இங்கும் அங்கும் நடந்துகொண்டே பேசினார். காற்றில் எனக்கு ஒரே ஒரு வரிதான் கேட்டது. "மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான புள்ள, செய்யி." யோசனை தோன்றினால் என்னிடம் சொல்ல வேண்டும் என்ற ஒப்பந்தம் எங்களுக்குள் இல்லை, சம்பளம் பேசும்போது அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

அஸர் முடிந்தது. கொட்டகையில் நாப்பது பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஹாஜா முகைதீன் நடுவில். ஸுஹைர் மட்டும் தனியாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பாயில் இடமிருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. பெண்கள் பின் வாசலில் நின்றார்கள், முன்னால் சுலைகா. பாக்கர் டீத் தட்டோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தான். பழைய படத்தை அக்கா முன்கூட்டியே கழற்றி என் துண்டில் சுற்றி வைத்துவிட்டார். பஸ் பிடித்து வந்த ஜஸீலா ஒரு சுருட்டிய தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நின்றாள்.

அக்கா சில நிமிஷங்களில் விஷயத்தைச் சொல்லி முடித்தார். பெட்டி எண்களை எழுதியது, எண்கள் கடலைக் காட்டின, அதுதான் இந்தப் படம். சொல்லிவிட்டுத் தாளை விரித்து, கரை கீழேயும் கடல் மேலேயுமாகச் சுவரில் ஒட்டினார். ஒரே ஒரு பெரிய கட்டம். அதன் கீழே ஸுஹைர் வள்ளத்தின் பெயர்.

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒருவர், "ஏலே, முயல் தீவுடா," என்றார். பாயில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

"செவப்பு நாலு இருக்கு, பாருங்க," என்றார் அக்கா. "பறிபோன நாலு பாரும் அதே எடந்தான். ஸுஹைர் வள்ளம் நாலு எடத்துக்கும் போயிருக்கு."

யாருக்காக வந்தோமோ அவர் கழுத்தில் அக்காவே கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். "அக்கா," என்று முழங்கையைத் தொட்டேன். தட்டிவிட்டார்.

"நான் அங்கன போனதே இல்ல," என்றார் ஸுஹைர். மறுபடியும் சொன்னார். இரண்டாவது தடவை சொன்னது கூச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது. பார் பறிகொடுத்த நாலு பேரும் அவரை நெருங்கினார்கள். தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார்.

"இதுக்கு மேல பேச என்ன இருக்கு? மெஷினே சொல்லிருச்சு. சங்கத்தோட முடிவு…"

சுலைகா ஆண்கள் நடுவே நடந்து வந்தார். அழுது கூப்பாடு போடவில்லை. அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, "உங்கள நம்பித்தானம்மா வந்தேன்," என்றார். புருஷன் நின்ற தூணுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுத அந்த அழுகையை என்னால் கேட்க முடியவில்லை. அக்கா மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு முழுசாக ஆறவில்லை.

தரையில் ஒரு தட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"தலைவரே, நிப்பாட்டுங்க," என்றான் பாக்கர். "இந்தப் படம் பொய்யி."

"உன் மச்சாங்கிறதுக்காகப் பேசாதடா," என்றார் தலைவர்.

"அதுக்காக இல்ல, தலைவர் காக்கா. இது மச்சான் படமே இல்ல. அவரு செவப்பு இந்தப் பக்கமே கெடையாது. வலது பக்கம், நல்லா தள்ளி…"

அவன் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"சொல்லு தம்பி," என்றார் அக்கா. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "இங்க இருக்குற எல்லாரும் இதைக் கடல்னு இன்னைக்குத்தான் முதல் முதலா பார்க்குறாங்க. எது கூட, எது குறைச்சல்னு அவங்களுக்குத் தெரியாது. பழைய படத்தைக் கடலா பார்த்தவனுக்குத்தான் இது பொய்னு தெரியும்."

ஜஸீலா வாய் திறந்தாள். "இது பொய்தான். மத்தியானம் நான் கம்ப்யூட்டர்ல உண்டாக்குன ட்ரேஸ். அந்த வள்ளம் ஒரு நாளும் அங்க போகல. போன மாதிரி அறை எண்களை நானே எழுதி, அதை வச்சு வரைஞ்ச படம்."

நாப்பது தலையும் பாக்கர் பக்கம் திரும்பின. அவன் யாரையும் பார்க்கவில்லை. தூணுக்குக் கீழே இருந்த தன் அக்காள் சுலைகாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"விழுந்த படத்தை நாந்தான் மாட்டினேன் லாத்தா. தெரியாமத்தான் தலகீழா மாட்டினேன். ஒரு மத்தியானம் இங்கன படுத்திருந்தேன். ஜன்னல்ல தீவு, படத்துல தீவு. மண்டபத்து வள்ளத்துல எனக்கு ஒரு பங்கு இருக்கு. அவங்ககிட்ட சொன்னேன். நாலும் சொன்னேன். அஞ்சாவது ஒன் வீட்டுச் சோறு. அதைச் சொல்ல மனசு வரல. அதை விட்டதாலயே மச்சான் மேல விழும்னு எனக்குத் தோணல லாத்தா."

சுலைகா அழுகையை நிறுத்திவிட்டார்.

ஸுஹைருக்குப் பாயில் இடம் கொடுத்தார்கள். கூச்சல் போட்ட நாலு பேரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷத் தடை அப்படியே பாக்கர் பெயருக்கு மாறியது, சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பழைய படத்தை ஜஸீலா சட்டத்திலிருந்து உருவி அங்கேயே நாலாகக் கிழித்து, அதையும் எட்டாகக் கிழித்தாள்.

வெளியே ஸ்கூட்டியிடம் வந்ததும் கேட்டேன். "அவன்தான்னு எப்பத் தெரியும்?"

"ஸுஹைருக்கு எதிரி செஞ்ச காரியம் இல்ல, வேண்டியவன் செஞ்சதுன்னு புரிஞ்சப்பவே. படத்தோட நாள் பூரா இருக்குறவன் ஒருத்தன்தான. ஆனா என்கிட்ட சாட்சி இல்ல. அவன் வாயால வரணும்."

"சுலைகாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பா. கூடப் பொறந்தவன் அதைக் கண்டுபிடிச்சிருப்பான்."

பின்னால் காலடிச் சத்தம். சுலைகா வந்து நின்றார். முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்திருந்தார்.

"என் வீட்டுக்காரரு நாளைக்குக் கடலுக்குப் போறாரு. உங்களாலதான்," என்றார். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். நான் அழுவலேன்னா பாக்கரு வாயைத் திறந்திருப்பானா?"

"மாட்டான்," என்றார் அக்கா.

"அப்ப அவனைக் காட்டிக் குடுத்தது நாந்தான்."

அக்கா ஸ்கூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுலைகாவோடு நடக்கத் தொடங்கினார்.